வரிசை பெரிதா, ஒரே இனம் பெரிதா?

மாட்டுப் பொங்கலன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து, கானாடுகாத்தானுக்கு அருகில் இருக்கும் எங்கள் பிறந்த வீட்டின் வளவில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வேளையில், என் அண்ணனுக்கும் அவருடைய மகனுக்கும் சீட்டாட்டத்தில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. பந்தயம் புளியங்கொட்டைதான், காசு வைத்து ஆடும் வழக்கம் எங்கள் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஐந்து சீட்டுப் போக்கரைச் சொல்லிக் கொடுத்து, தானே கட்டைக் கலைத்துப் போட்டான். வேண்டாத சீட்டை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. அண்ணனிடம் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு இருந்தன. ஒரு சீட்டை மாற்றினார், ஒன்பது வந்து வரிசை முடிந்தது. பையனிடம் நான்கு ஆட்டின், அதாவது சிவப்பு இதயக் குறிச் சீட்டுகள், இருந்தன. அவனும் ஒரு சீட்டை மாற்றினான், ஐந்தாவதும் ஆட்டினாகவே வந்தது. கொட்டைகளை வாரிக்கொள்ள இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.

"வரிசைதாண்டா பெரிசு. நாங்க ஆடாத மூணு சீட்டா?" என்றார் அண்ணன்.

"இல்லை அப்பச்சி, ஃபிளஷ்தான் பெரிசு. எல்லா ஊர்லயும் அதுதான் சட்டம்."

மூன்று சீட்டில் வரிசையாக வந்த கை, ஒரே இனமாக வந்த கையை வெல்லும் என்பது அண்ணன் இளவயது முதல் கண்ட நடைமுறை. போக்கரில் ஐந்தும் ஒரே இனமாக வரும் ஃபிளஷ், ஐந்தும் வரிசையாக வரும் ஸ்ட்ரெயிட்டை வெல்லும் என்பது பையன் கற்றுக்கொண்ட விதி. ஒரே சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு இருவரும் நேர்மாறாகச் சொன்னார்கள், இருவரும் உறுதியாகச் சொன்னார்கள். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறவள் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது. எனக்குத் தெரிந்தது விதி அல்ல, எண்ணிப் பார்க்கும் முறை மட்டுமே. ஆகவே ஒரு இரவு அவகாசம் கேட்டேன்.

இதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் நிகழ்தகவுப் பாடம் வந்தாலே 52 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்று வந்து நிற்கும். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் சீட்டுக்கட்டை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ராஜா எத்தனை, கிளாவர் என்ன நிறம் என்பதே தெரியாது. பார்த்திராத பொருளைக் கொண்டு பார்த்திராத பாடத்தை நடத்துவது எனக்கு ஆண்டுதோறும் மனவருத்தம் தருகிற காரியம். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று இனம் நான்கு, ஒவ்வோர் இனத்திலும் ஏஸ் முதல் ராஜா வரை சீட்டு பதின்மூன்று என்பதைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டால், இங்கே நான் எழுதப்போகிற அனைத்தையும் ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.

முதலில் மொத்தம். 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் 52, 51, 50, 49, 48 ஆகியவற்றைப் பெருக்கி 31,18,75,200 வழிகள் கிடைக்கும். கையில் வந்த ஐந்து சீட்டுகள் எந்த வரிசையில் வந்தன என்பது ஆட்டத்துக்குத் தேவையில்லை. ஒரே ஐந்தை 120 விதமாக அடுக்கலாம் என்பதால் 120ஆல் வகுக்க வேண்டும். வருவது 25,98,960. போக்கரில் வரக்கூடிய கைகள் இவ்வளவுதான்; இவற்றில் எந்த வகை குறைவாக இருக்கிறதோ அது மேலே உட்காரும்.

ஒரே இனத்தின் பதின்மூன்று சீட்டுகளில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 1,287 வழிகள் உண்டு. நான்கு இனங்களுக்கும் சேர்த்து 5,148. வரிசையோ ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தில் தொடங்கி, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸில் முடிவது வரை பத்து விதம். ஒவ்வொரு விதத்திலும் ஐந்து சீட்டுகளுக்கும் தனித்தனியே நான்கு இனங்களில் எதுவும் வரலாம் என்பதால் நான்கை ஐந்து முறை பெருக்கி 1,024. பத்து விதத்துக்கு 10,240. ஒரே இனமாகவும் வரிசையாகவும் அமைந்த 40 கைகள் இரண்டிலும் இருக்கின்றன. அவை தனி மரியாதை பெறுபவை என்பதால் இரண்டிலிருந்தும் கழித்தால் ஃபிளஷ் 5,108, ஸ்ட்ரெயிட் 10,200. வரிசை ஏறக்குறைய இரண்டு மடங்கு எளிதாக வருகிறது. பையன் சொன்னது சரி.

அதே தாளின் மறுபக்கத்தில் மூன்று சீட்டை எழுதினேன். மொத்தக் கைகள் 22,100. ஒரே இனத்தில் மூன்று என்றால் 286ஐ நான்கால் பெருக்கி 1,144. வரிசை என்றால் பன்னிரண்டு விதம், விதத்துக்கு 64, ஆக 768. இரண்டிலும் பொதுவான 48 கைகளைக் கழித்தால் ஒரே இனம் 1,096, வரிசை 720. இங்கே வரிசைதான் அரிது. அண்ணன் சொன்னதும் சரி.

இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். இரண்டு சீட்டு கூடியதும் நிலை ஏன் தலைகீழாகிறது? மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது ஒரே இனக் கைகள் 1,144லிருந்து 5,148 ஆகி நான்கரை மடங்குதான் பெருகுகின்றன. வரிசைக் கைகளோ 768லிருந்து 10,240 ஆகிப் பதின்மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடுகின்றன. வரிசையில் சேரும் ஒவ்வொரு புதுச் சீட்டுக்கும் நான்கு இனங்களும் திறந்திருக்கின்றன. ஒரே இனத்தில் சேரும் புதுச் சீட்டோ, எடுத்தது போக மிச்சமிருக்கும் அதே இனத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. நடுவில் நான்கு சீட்டை வைத்து எண்ணிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது: பொதுவானவற்றைக் கழித்தபின் வரிசை 2,772, ஒரே இனம் 2,816. மொத்தம் 2,70,725 கைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 44. தராசின் இரண்டு தட்டும் நேராக நிற்கப் பார்க்கிற இடம் அதுதான். ஐந்தாவது சீட்டு விழுந்ததும் தட்டு மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது.

மறுநாள் காலையில் இதைச் சொன்னபோது அண்ணன் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். தான் மாற்றிய ஒரு சீட்டில் நான்கோ ஒன்பதோ வர வேண்டும், அதாவது தன் கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டுகளில் எட்டு மட்டுமே தனக்கு உதவும். பையனுக்கோ மிச்சமுள்ள ஒன்பது ஆட்டினில் எது வந்தாலும் போதும். 47இல் எட்டு என்பது 17 விழுக்காடு, 47இல் ஒன்பது என்பது 19 விழுக்காடு. "அப்படின்னா எனக்கு வந்ததுதானே அரிது?" என்றார். அந்த ஒரு சீட்டை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது முற்றிலும் உண்மை. ஆனால் கைகளின் தரவரிசை கடைசிச் சீட்டைப் பார்ப்பதில்லை, கட்டிலிருந்து நேராக விழும் ஐந்து சீட்டின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. நடுவில் ஒன்று விட்டுப்போன நான்குகளையும் சேர்த்து எண்ணினால், வரிசைக்கு ஒரு சீட்டுக் குறைவாக நிற்கும் நான்குகள், பையனுக்கு முதலில் விழுந்தது போன்ற ஒரே இன நான்குகளைவிட மிக அதிகம். இதை அவர் ஏற்றுக்கொள்ள ஒரு டம்ளர் காப்பி குடிக்கும் நேரம் ஆயிற்று.

மற்றக் கைகளையும் அன்றைக்கே எண்ணிவிட வேண்டும் என்று பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உச்சியில் பத்து முதல் ஏஸ் வரை ஒரே இனத்தில் அமையும் ராயல் ஃபிளஷ், இனத்துக்கு ஒன்றாக நான்கே நான்கு. அதற்கு அடுத்த ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் 36. நான்கு ஒரே எண்ணும் கூட ஏதோ ஒன்றும் என்றால், எண் பதின்மூன்று, துணைச் சீட்டு 48, ஆக 624. மூன்று ஒரே எண்ணோடு ஒரு ஜோடி சேரும் ஃபுல் ஹவுஸ் 3,744. அதற்குக் கீழே ஃபிளஷ், அதற்குக் கீழே ஸ்ட்ரெயிட். மூன்று ஒரே எண் 54,912. இரண்டு ஜோடி 1,23,552. ஒரு ஜோடி 10,98,240. எதுவுமே சேராமல் பெரிய சீட்டை மட்டும் நம்பி நிற்கிற கை 13,02,540.

இந்த எண்கள் முதல்முறை எழுதும்போது எனக்கு நேராக வரவில்லை. எங்கள் ஐயா, அதாவது எங்கள் அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர், பர்மாவில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்; ஐந்தொகை எடுக்கும்போது ஒரு காசு கூடினாலும் குறைந்தாலும் சாப்பிட எழுந்திருக்க மாட்டார் என்று அப்பச்சி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆகவே பத்து வகைகளையும் கூட்டி 25,98,960 வருகிறதா என்று பார்த்தேன். 1,23,632 கூடுதலாக நின்றது. எங்கே பிசகு என்று தேடினோம். இரண்டு ஜோடியை எண்ணும்போது முதல் ஜோடிக்குப் பதின்மூன்று எண், இரண்டாவதற்குப் பன்னிரண்டு எண் என்று பெருக்கியிருந்தேன். ஏழும் ஒன்பதும் என்றாலும் ஒன்பதும் ஏழும் என்றாலும் கை ஒன்றுதான் என்பதால் அந்த வகை முழுவதும் இரண்டு முறை ஏறியிருந்தது. அதைப் பாதியாக்கியதும் 1,23,552 போயிற்று, மிச்சம் 80. அது எங்கிருந்து வந்தது என்று பையன்தான் கண்டுபிடித்தான்: இரவு வேறு தாளில் கழித்திருந்த அந்த 40 கைகளை இந்தத் தாளில் ஃபிளஷிலும் ஸ்ட்ரெயிட்டிலும் கழிக்க மறந்திருந்தேன். திருத்தியதும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போயிற்று. தரவரிசையை யாரோ சொன்னார்கள் என்று மனப்பாடம் செய்வதற்கும், கூட்டுத்தொகை வந்து பொருந்துவதைக் கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது என்பதை என் மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

லட்சக்கணக்கில் சொன்னால் மனதில் பதியாது என்பதால் ஆத்தாவுக்காக வேறு விதமாகச் சொன்னேன். நிமிடத்துக்கு ஒரு கையாக, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், விடுமுறையே இல்லாமல் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தால், ஃபுல் ஹவுஸ் சராசரியாக ஒன்றரை நாளுக்கு ஒருமுறை வரும். நான்கு ஒரே எண் ஒன்பது நாளுக்கு ஒருமுறை. ஸ்ட்ரெயிட் ஃபிளஷுக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். ராயல் ஃபிளஷ் 6,49,740 கைகளுக்கு ஒன்று என்பதால் மூன்றே முக்கால் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. எதுவுமே சேராத கை மட்டும் பாதிக்குப் பாதி வந்துகொண்டே இருக்கும்.

ஆத்தா சீட்டைக் கையால் தொடாதவர். ஆனால் தாயக்கட்டையை உருட்டினால் எண்பது வயதிலும் அவரை வெல்ல ஆள் கிடையாது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தாயத்துலயும் அப்படித்தானே வச்சிருக்காக?" என்றார். இத்தனை ஆண்டு கணக்கு நடத்தியும் அது எனக்குத் தோன்றவில்லை. பித்தளைக் கட்டைக்கு நான்கு பட்டை. புள்ளி இல்லாதது, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைகளை உருட்டினால் பதினாறு விதமாக விழும். அதில் மூன்று என்பது நான்கு விதத்திலும், இரண்டும் நான்கும் மும்மூன்று விதத்திலும் விழும். இவற்றுக்கு மறு ஆட்டம் கிடையாது. தாயம் இரண்டு விதத்தில்தான் விழும், ஐந்தும் அப்படியே. ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழுகிற பன்னிரண்டும் ஒவ்வொரு விதத்தில் மட்டுமே. மறுபடி உருட்டும் உரிமை இந்த நான்குக்கும்தான். அரிதாக விழுவதற்கே மரியாதை என்பதை, வளவில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் கட்டம் கீறி உட்கார்ந்த பெண்கள் வைத்துக்கொண்ட விதியே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எல்லா ஆட்டங்களும் இந்த நியாயத்தை முழுதாகக் கடைப்பிடிக்கின்றன என்று சொல்வதற்கில்லை. அண்ணனின் மூன்று சீட்டிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. மூன்றும் ஒரே எண்ணாக வரும் கைதான் அவர்களுக்கு உச்சம். அது 52 விதத்தில் வரும். அதற்குக் கீழே வைக்கப்பட்டிருக்கும் ஒரே இன வரிசையோ 48 விதத்தில்தான் வரும். அதாவது கொஞ்சம் அரிதான கை இரண்டாம் இடத்தில் இருக்கிறது. சூதாட்ட விடுதிகளில் ஆடப்படும் மூன்று சீட்டுப் போக்கரில் இதைத் திருத்தி, ஒரே இன வரிசையை மேலே வைத்திருக்கிறார்கள். என் கணிப்பில் விடுதிக்காரர்கள் வைத்திருக்கும் வரிசையே சரி. மூன்று ஏஸைப் பார்த்த கண் அதைவிடப் பெரிய கை உண்டு என்று ஒப்புக்கொள்ளாது என்கிறார் அண்ணன், நான்கு கைகள் வித்தியாசத்துக்காகவா என்றும் கேட்கிறார். வித்தியாசம் நான்கானாலும் வித்தியாசம்தான் என்பது என் நிலை. இதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

பையன் பெங்களூரில் நண்பர்களோடு ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகை. கையில் இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்தைக் காட்ட வேண்டும். அங்கே கைகள் 13,37,84,560; அதில் எண்ணிக்கை வேறு விதமாகப் போகிறது. ஒரு ஜோடி 43.8 விழுக்காடு, இரண்டு ஜோடி 23.5 விழுக்காடு, எதுவும் சேராத கை 17.4 விழுக்காடு. அதாவது ஒன்றுமில்லாத கை, ஜோடியைவிடவும் இரண்டு ஜோடியைவிடவும் அரிது. அப்படியிருந்தும் தரவரிசையில் அது அடியிலேயே இருக்கிறது. அரிதானதே பெரிது என்று இவ்வளவு நேரம் சொன்ன நான் இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு நாள் முழுதும் திணறினேன்.

விடை ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒன்றும் சேராத கையைத் தூக்கி ஜோடிக்கு மேலே வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு சீட்டில் ஒரு ஜோடி வைத்திருப்பவனிடம் ஆறு வெவ்வேறு எண்கள் இருக்கும். ஜோடியில் ஒன்றை மறைத்துவிட்டு, ஒன்றோடொன்று சேராத ஐந்தைக் காட்டி, எனக்கு ஒன்றுமில்லை, ஆகவே நானே பெரியவன் என்பான். இரண்டு ஜோடிக்காரனிடமும் ஐந்து வெவ்வேறு எண்கள் உண்டு. அவனும் அப்படியே செய்வான். மாற்றிய மறுகணமே அரிதாக இருந்த அந்தக் கை எல்லோரிடமும் இருக்கும் கையாகிவிடும். ஐந்து சீட்டில் நமக்குத் தேர்வு கிடையாது, வந்ததைக் காட்டித்தான் ஆக வேண்டும்; ஏழில் காட்டுவது நம் விருப்பம். தேர்வு நுழைந்த இடத்தில் வெறும் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தரம் பிரிக்க முடியாது என்பதால், ஐந்து சீட்டுக்கு எண்ணிய வரிசையையே ஏழுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு வழியும் இல்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பையன் கட்டிலிருந்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஆகியவற்றை எல்லா இனங்களிலும் உருவி, பதினாறு சீட்டுகளையும் தூணோரம் ஒதுக்கிவைத்தான். மிச்சம் 36. "இப்ப எண்ணுங்க அத்தை" என்றான். ஒவ்வோர் இனத்திலும் ஒன்பதே சீட்டு என்பதால் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 126 வழிகள்தான். நான்கு இனத்துக்கு 504. ஏஸை ஆறுக்குக் கீழேயும் வைத்துக்கொள்ளலாம் என்று கொண்டால் அதில் 24 கைகள் வரிசையாகவும் அமைந்து மேலே போய்விடும். ஃபிளஷுக்கு நிற்பது 480. ஃபுல் ஹவுஸ் ஒன்பதை நான்காலும், எட்டாலும், ஆறாலும் பெருக்கி 1,728. அவ்வளவு நாளும் ஃபிளஷை வென்றுகொண்டிருந்த ஃபுல் ஹவுஸ் இங்கே கீழே இறங்கிவிடுகிறது. இப்படிச் சிறிய கட்டில் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டென்றும், அதில் ஃபிளஷ்தான் ஃபுல் ஹவுஸை வெல்லும் என்றும் பையன் சொன்னான்.

அண்ணன் என் கையிலிருந்த தாளை வாங்கி, இரண்டு எண்களையும் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். பிறகு புளியங்கொட்டை டப்பாவை நடுவில் நகர்த்தி, "சரி, இந்த முப்பத்தாறுலயே போடு" என்றார்.